பதினோரு நிமிடம்

சென்னைக் குழாயில் 20 டிகிரித் தண்ணீர் வந்து நான் பார்த்ததில்லை. மார்கழி விடியலில் மொட்டைமாடித் தொட்டியிலிருந்து இறங்கும் நீரில் வெப்பமானியை நனைத்தால் 25, 26 காட்டும். சித்திரை மதியத்தில் கையையே வைக்க முடியாது. கறுப்பு வெள்ளைப் படச்சுருளைக் கழுவுவதற்கான கால அட்டவணைகளோ 20 டிகிரியை வைத்து எழுதப்பட்டவை. அதனால் என் ஞாயிற்றுக்கிழமை சனி இரவே தொடங்கிவிடும். ஐஸ் தட்டுகளில் தண்ணீர் ஊற்றி ஃப்ரீசரில் வைத்துவிட்டுத்தான் படுப்பேன்.

விடிகாலை ஐந்து மணிக்கு எழுந்து, இரவெல்லாம் ஏசி ஓடிய அறையிலேயே சுருளைக் கழுவும் டேங்கில் ஏற்றிவிட வேண்டும். இருட்டுப் பைக்குள் இரண்டு கைகளையும் முழங்கை வரை நுழைத்து, கண்ணின் துணையில்லாமல், பிளாஸ்டிக் ரீலின் பள்ளங்களில் ஃபிலிமைச் சுற்றும் வேலை இது. இந்த ஊர்ப் புழுக்கத்தில் பைக்குள் கை வியர்க்கத் தொடங்கினால் ஃபிலிம் பாதி வழியில் ஒட்டிக்கொண்டு நகர மறுக்கும். வலுக்கட்டாயமாகத் தள்ளினால் மடங்கும். மடங்கிய இடத்தில் பிறை வடிவில் ஒரு வடு விழும். அந்த வடு படத்தில் யார் முகத்தின் மேல் வரும் என்று சொல்ல முடியாது. ஏற்றி மூடிவிட்டால் விளக்கைப் போட்டுக்கொள்ளலாம், டேங்குக்குள் வெளிச்சம் புகாது.

பிறகு குளியலறை. வாளித் தண்ணீரில் ஐஸ் மிதக்க, படத்தைத் தோன்றவைக்கும் டெவலப்பர் மருந்து 20-க்கு இறங்கும்வரை உட்கார்ந்திருப்பேன். எச்பி5 பிளஸ் சுருளுக்கு, டி-76 மருந்தைச் சம அளவு தண்ணீரில் கலந்தால், 11 நிமிடம். ஊற்றியதும் 10 விநாடி டேங்கைக் கவிழ்த்து நிமிர்த்தி, காற்றுக்குமிழ்கள் விலகத் தரையில் ஒரு தட்டு தட்டி வைப்பேன். அதன்பின் ஒவ்வொரு நிமிடத்திலும் 10 விநாடி கவிழ்த்தல். கை ஈரமாக இருக்கும். கைப்பேசி கூடத்தில் இருக்கும். வாரத்தில் என்னை யாரும் கூப்பிட முடியாத 11 நிமிடம் அது ஒன்றுதான்.

17 ஆண்டுகளாகப் பழைய மகாபலிபுரம் சாலையில் மென்பொருள் வேலை. பணப் பரிவர்த்தனைகள் பதிவாகும் தரவுத்தளங்கள் நிற்காமல் ஓடுவதைப் பார்த்துக்கொள்ளும் குழுவில் இருக்கிறேன். பிழைப்புக்கு ஒன்று, மனசுக்கு ஒன்று என்று பிரித்துப் பேச எனக்கு வராது. வேலையையும் விரும்பித்தான் செய்கிறேன். 40 விநாடி இழுத்துக்கொண்டிருந்த ஒரு குவெரி, சரியான இன்டெக்ஸைப் போட்டதும் கண் இமைப்பதற்குள் திரும்பி வரும்போது உள்ளுக்குள் ஒரு குளிர்ச்சி பரவும். ஈர நெகடிவைச் சன்னலுக்கு எதிரே தூக்கிப் பிடிக்கும்போது பரவுவதும் அதே குளிர்ச்சிதான்.

சிக்கல் வேலையின் அளவில் இல்லை, அது வரும் விதத்தில் இருக்கிறது. நான்கு வாரத்துக்கு ஒரு வாரம் ஆன்-கால். அந்த ஏழு நாளும் எந்நேரம் அலாரம் அடித்தாலும் 15 நிமிடத்துக்குள் லேப்டாப் முன்னால் இருக்க வேண்டும். மற்ற வாரங்களில் மாலை அழைப்புகள். நியூயார்க்கில் காலை பத்து மணி என்றால் நமக்கு இரவு ஏழரை. நவம்பர் முதல் ஞாயிறன்று அங்கே கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னுக்குத் திருப்புவார்கள். அன்றிலிருந்து மார்ச் வரை அதே அழைப்பு எங்களுக்கு எட்டரைக்குப் போய்விடும். வலசைப் பறவைகள் பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்துக்கு வந்து தங்குவதும் அதே மாதங்களில்தான். அவற்றைப் படமெடுக்க விடியலில் எழுந்து ஓட வேண்டிய பருவத்தில் தூக்கம் ஒரு மணி நேரம் தள்ளிப்போகும். நேரம் ஒதுக்கு, நேரம் ஒதுக்கு என்று எல்லோரும் சொல்கிறார்கள். எந்த ஈடுபாடு எந்த நேரத்தைக் கேட்கிறது, கேட்டது கிடைக்காவிட்டால் அது என்ன செய்கிறது என்பதை யாரும் சொல்வதில்லை. அதை ஒவ்வொன்றாக இழந்துதான் நான் கற்றுக்கொண்டேன்.

முதலில் இழந்தது மிருதங்கம். முப்பத்திரண்டு வயதில் ஆசைப்பட்டு மடிப்பாக்கத்தில் ஒரு வாத்தியாரிடம் சேர்ந்தேன். தா, தீ, தொம், நம். நான்கு சொற்களுக்கு நான்கு மாதம். தொப்பியில் ரவையைப் பிசைந்து அப்பி, இடது கையின் அடி ஆழமாக இறங்கும்வரை சரிபார்ப்பதே எனக்குப் பேரானந்தம். ஆனால் விரல் என்பது நாள்தோறும் உழைத்தால் மட்டும் நினைவு வைத்திருக்கும் உறுப்பு. ஆன்-கால் வாரம் முடிந்து போய் உட்காரும்போதெல்லாம் முந்தைய பாடம் கையிலிருந்து வழிந்துபோயிருக்கும். மூன்று வாரம் ஏறி, ஒரு வாரம் இறங்கி, இரண்டு வருடம் ஒரே படியில் நின்றேன். ஒருநாள் வாத்தியாரே சொன்னார்: "தம்பி, உங்க கைக்கு நேரம் இல்ல. காது நல்லா இருக்கு. கச்சேரி கேளுங்க, அதுவும் வித்தைதான்." வருத்தத்தோடுதான் ஏற்றுக்கொண்டேன். இன்று ஆன்-கால் வாரங்களில் நான் கேட்பது பெரும்பாலும் தனி ஆவர்த்தனங்கள்தான். எங்கே வேண்டுமானாலும் நிறுத்தி, எங்கிருந்து வேண்டுமானாலும் தொடரலாம்.

மொட்டைமாடித் தோட்டம் வேறு விதம். மிருதங்கம் பொறுமையாக மறந்துபோகும், வெண்டைச் செடி உடனே தண்டிக்கும். இன்று பறிக்க வேண்டிய காயை இரண்டு நாள் விட்டால் முற்றி நாராகிவிடும். அலுவலகத்தில் பெரிய ரிலீஸ் ஒன்று இழுத்த பத்து நாளில் மாவுப்பூச்சி செம்பருத்தியிலிருந்து கத்தரிக்குப் போய், அங்கிருந்து எல்லாத் தொட்டிக்கும் பரவியது. அம்மா ஊரிலிருந்து வந்து பார்த்துவிட்டு, "ஏப்பா, பச்சப்புள்ளய வளக்குற மாதிரி இது. தெனம் ரெண்டு வேள மூஞ்சியக் காட்டணும். இத எங்கிட்ட விட்டுட்டு ஒன் கேமராவப் பாரு" என்றார். அப்போதிருந்து தோட்டம் அவருடையது. நான் படம் எடுப்பதோடு சரி.

கேமரா மட்டும்தான் காத்திருந்தது. அதன் காரணத்தை வேதியியல் வழியாகப் பார்த்தால் எனக்கு இன்றும் உடல் சிலிர்க்கும். ஷட்டர் திறந்து மூடும் அந்த நூறில் ஒரு பங்கு விநாடியில், ஃபிலிமில் இருக்கும் வெள்ளி உப்புத் துகள்களில் ஒளி பட்டு, ஒவ்வொரு துகளிலும் சில அணுக்கள் அளவுக்கு வெள்ளி பிரிகிறது. எந்தக் கண்ணுக்கும் அது தெரியாது. படம் அங்கே இருக்கிறது, ஆனால் இன்னும் தோன்றவில்லை. டெவலப்பர் வந்து தொடும்வரை அது உள்ளே உறங்கும். குளிர்ச்சியில் வைத்தால் மாதக்கணக்கில் உறங்கும். என் ஃபிரிட்ஜின் கதவுத் தட்டில், ஊறுகாய் பாட்டிலுக்குப் பின்னால், காற்றுப் புகாத டப்பாவில் எப்போதும் இரண்டு மூன்று சுருள்கள் கிடக்கும். போன தையில் எடுத்ததை ஆடியில் கழுவியிருக்கிறேன். என் வேலை கேட்கும் எல்லா இடைவெளியையும் அந்த வெள்ளி பொறுத்துக்கொண்டது.

ஆனால் கழுவத் தொடங்கிவிட்டால் பொறுக்காது. இதை நான் கற்றது ஒரு சுருளைப் பறிகொடுத்து. ஏழெட்டு வருடம் இருக்கும். சிவகங்கைப் பக்கம் எங்கள் ஊருக்குப் போய் வந்த சுருள். கண்மாய்க் கரையில் அப்பா நிற்கிறார், பின்னால் ஒற்றைப் பனை. ஆன்-கால் வாரம் என்று தெரிந்தேதான் டெவலப்பரை ஊற்றினேன். 11 நிமிடம்தானே என்ற எண்ணம். நான்காவது நிமிடத்தில் கூடத்தில் அலாரம் அடித்தது. கையைத் துடைத்துக்கொண்டு ஓடினேன். எங்கள் பக்கத்துப் பிழைதான், பிரதித் தரவுத்தளம் ஒன்று பின்தங்கி நின்றுவிட்டது. அதை நிமிர்த்தி ஓடவிட்டு, நடந்ததை நான்கு வரியில் எழுதிவிட்டுத் திரும்பியபோது அரை மணி நேரத்துக்கு மேல் ஆகியிருந்தது. வாளியில் ஐஸ் எல்லாம் கரைந்து, டேங்கில் மருந்து அறைச்சூட்டுக்கு ஏறியிருந்தது. நெகடிவ் கரிக்கட்டை மாதிரி வந்தது. நிழல் பகுதிகள் தப்பின, வெளிச்சப் பகுதிகள் அடைபட்டுப் போயின. அப்பாவின் முகம் கிடைத்தது. வெள்ளைச் சட்டையின் ஒரு மடிப்புகூடக் கிடைக்கவில்லை. வானமும் சட்டையும் ஒரே வெள்ளை. அடுத்த முறை ஊருக்குப் போனபோது அந்தப் பனை வெட்டப்பட்டிருந்தது.

அன்றிலிருந்து ஆன்-கால் வாரத்தில் டேங்கைத் தொடுவதில்லை. அந்த வாரம் கேமராப் பையும் அலமாரியை விட்டு இறங்காது. பாதி மனசோடு எடுத்த படம் எந்த மென்பொருளாலும் முழுதாவதில்லை என்று நம்புகிறேன். காது அலாரத்துக்குக் காத்திருக்கும்போது கண் வேலை செய்வதில்லை, எனக்கு அப்படித்தான். வீட்டில் யாரும் இதைக் கட்டாயப்படுத்தவில்லை. நானே போட்டுக்கொண்ட வேலி, இன்றுவரை நிற்கிறது.

2019 கோடையில் வேறொரு சோதனை வந்தது. பூண்டி, சோழவரம், புழல், செம்பரம்பாக்கம் என்று நகரத்துக்குக் குடிநீர் தரும் ஏரிகள் வறண்டன. சில நிறுவனங்கள் தண்ணீர் இல்லாமல் ஊழியர்களை வீட்டிலிருந்தே வேலை பார்க்கச் சொன்னன. எங்கள் குடியிருப்பில் லாரித் தண்ணீருக்கு முறை வைத்தார்கள். ஃபிலிமைக் கழுவி முடித்தபின் ஓடும் நீரில் அலசுவது வழக்கம். அக்கம்பக்கத்தில் குடத்தோடு நிற்கும்போது அதைச் செய்ய மனம் எப்படி ஒப்பும்? அப்போதுதான் இல்ஃபோர்ட் நிறுவனம் பரிந்துரைக்கும் அலசல் முறைக்கு மாறினேன். டேங்கில் தண்ணீர் நிரப்பி 5 முறை கவிழ்த்து ஊற்றிவிட வேண்டும். மறுபடி நிரப்பி 10 முறை. மூன்றாவதாக நிரப்பி 20 முறை. மூன்றே டேங்க் தண்ணீரில் வேலை முடிந்தது. எங்கள் பகுதி ஆழ்துளைக் கிணற்று நீரில் உப்பு அதிகம், காய்ந்ததும் நெகடிவில் வெள்ளைப் புள்ளியாகப் படியும். அதனால் கடைசியாகக் கேன் தண்ணீரில், நீர் துளியாகத் திரளாமல் வழியச் செய்யும் வெட்டிங் ஏஜென்ட் ஒரு துளி விட்டு, ஒரு முழுக்கு. மழை பெய்து ஏரிகள் நிறைந்த பிறகும் பழைய முறைக்கு நான் திரும்பவில்லை.

இடையில் இரண்டு வருடம் திருமணப் படங்கள் எடுத்தேன். உடன் வேலை செய்த நண்பரின் தங்கை கல்யாணத்தில் தொடங்கியது. படங்களைப் பார்த்தவர்கள் கேட்டார்கள், காசும் வந்தது, லென்ஸ் வாங்கிய கடன் அடைந்தது. முகூர்த்தப் பட்டுக்கும் ஹோமப் புகைக்கும் நடுவே ஒரு கண நேரம் மணப்பெண்ணின் அம்மா முகம் தளர்வதைப் பிடிக்க எவ்வளவு பயிற்சி வேண்டும் என்று எனக்குத் தெரியும். முழுநேரமாக அதைச் செய்பவர்கள்மேல் எனக்குப் பெரும் மரியாதை. எனக்குத்தான் அது ஒத்துவரவில்லை. இரண்டாயிரம் படங்களிலிருந்து பொறுக்குவது, திருத்துவது, "அண்ணா, ஆல்பம் எப்ப கிடைக்கும்?" என்ற கேள்விக்குத் தேதி சொல்வது, சொன்ன தேதி தள்ளிப்போனால் விளக்கம் சொல்வது. அலுவலகத்தில் ஐந்து நாள் செய்ததையே வாரக்கடைசியிலும் செய்துகொண்டிருந்தேன். ஒரு ஞாயிறு மாலை கேமராவைக் கையில் எடுத்தபோது, லேப்டாப்பைத் திறக்கும்போது வரும் அதே இறுக்கம் தோளில் வந்தது. ஏற்கெனவே ஒப்புக்கொண்டிருந்த இரண்டு கல்யாணங்களையும் நல்லபடியாக முடித்துக் கொடுத்துவிட்டு நிறுத்தினேன்.

அந்த நாட்களில் நான் அடிக்கடி நினைத்துக்கொண்டது இரண்டு பேரை. ஒருவர் ஜார்ஜ் ஈஸ்ட்மன். ரோச்செஸ்டர் நகரில் வங்கி எழுத்தராக இருந்தவர். பகலெல்லாம் கணக்குப் பேரேடு, இரவில் அம்மாவின் சமையலறையில் ஒளிப்பட உலர்தகடுகளுக்கான மருந்தைக் காய்ச்சி முயன்றுகொண்டே இருந்தார். 1881-இல் வங்கியை விட்டார். கோடாக் நிறுவனமும், என் டி-76 மருந்தும் அந்தச் சமையலறையின் பிள்ளைகள்தான். இன்னொருவர் நம்மவர், சு. தியடோர் பாஸ்கரன். அஞ்சல் துறையில் நெடுங்காலம் பணியாற்றி, தமிழ்நாட்டின் தலைமை அஞ்சல்துறைத் தலைவராக ஓய்வுபெற்றவர். பணியில் இருந்த காலத்திலேயே தமிழ் சினிமா வரலாற்றைத் தோண்டி எடுத்து 1981-இல் நூலாக்கினார். காட்டுயிர் பற்றி இடைவிடாமல் எழுதினார். இரண்டுமே மதிக்கத்தக்க வழிகள். ஈஸ்ட்மனின் வழி பெரும்பாலும் கொண்டாடப்படுகிறது. பிடித்ததையே தொழிலாக்கு என்று கல்லூரி விழாக்களில் பிள்ளைகளுக்குச் சொல்கிறார்கள். பாஸ்கரனின் வழியையும் அவர்களுக்குச் சொல்லலாம். சம்பளம் ஒரு பக்கம் உறுதியாக இருந்ததால்தான், எந்தப் படத்தை எடுக்கக்கூடாது என்று முடிவெடுக்கும் உரிமை எனக்குக் கிடைத்தது.

அலுவலகத்திலிருந்து எதைக் கேமராவுக்குக் கொண்டுவரலாம் என்பதிலும் கவனமாக இருக்கிறேன். காப்புப்பிரதி எடுக்கும் பழக்கத்தைக் கொண்டுவந்தேன். மூன்று பிரதி, இரண்டு வகைச் சாதனம், ஒன்று வீட்டுக்கு வெளியே. அந்த வெளிப் பிரதி ஊர் வீட்டுப் பீரோவில், அம்மாவின் பட்டுப்புடவைகளுக்கு அடியில் இருக்கிறது. நெகடிவ் உறைகளில் எண்ணும் தேதியும் எழுதுவதும் அங்கிருந்து வந்ததுதான். கொண்டுவந்து வருந்தியது இலக்கு. ஒரு வருடம், இத்தனை இனப் பறவைகளைப் படமெடுப்பேன் என்று அட்டவணை போட்டேன். ஒவ்வொரு வாரமும் எத்தனை பாக்கி என்று பார்ப்பேன். நாமக்கோழியும் முக்குளிப்பானும் ஏற்கெனவே எடுத்தாகிவிட்டன என்பதால் அவற்றைத் தாண்டி நடந்தேன். முக்குளிப்பான் நீருக்குள் மூழ்கும் கணத்துக்கு முன் கழுத்தை எப்படிச் சுருக்கும் என்று அந்த ஒரு வருடத்தில் நான் பார்க்கவே இல்லை. டிசம்பரில் அட்டவணையை அழித்துவிட்டேன்.

பறவைகளுக்கு டிஜிட்டல்தான். பறக்கும் நாரையின் இறகு நுனி தெளிவாக விழ 2000-இல் ஒரு பங்கு விநாடி வேண்டும், அந்த வேகத்துக்குத் துணைபோகும் குவியமும் வேண்டும். ஆனால் 36 படங்களில் ஒரு சுருள் முடிந்துவிடும் பழக்கம் கையில் ஏறியிருப்பதால், ஆயிரம் படம் சுட்டுக்கொண்டு வந்த காலம் போய்விட்டது. இப்போது ஒரு காலைக்கு நூறு, நூற்றைம்பது. அன்று மாலையே உட்கார்ந்து ஐந்தாறு வைத்துக்கொண்டு மீதியை நீக்கிவிடுவேன். தள்ளிப்போட்டால் அது ஒரு பாக்கி வேலையாக மாறி மனசில் ஏறிக்கொள்ளும். பாக்கி வேலைகள் எனக்கு அலுவலகத்தில் போதுமான அளவு இருக்கின்றன.

வீடு மேடவாக்கத்தில், அலுவலகம் சோழிங்கநல்லூரில். சாலை கிழக்கே போகிறது, காலை வெயில் நேராக முகத்தில் அடிக்கும். போகிற போக்கில் நின்று எடுத்தால் பறவை கறுப்பு நிழலாகத்தான் விழும். இதைப் புரிந்துகொள்ள எனக்கு ஒரு பருவம் முழுக்க ஆனது. சூரியனுக்கு முன்பே கிழக்குப் பக்கம் போய்ச் சேர்ந்து, மேற்கைப் பார்த்துத் திரும்பி நிற்க வேண்டும். அப்போது வெளிச்சம் நம் தோளுக்கு மேலாகப் போய், அரிவாள்மூக்கனின் கண்ணில் ஒரு புள்ளியாக விழும். அந்தப் புள்ளி இருந்தால் பறவைக்கு உயிர் வந்துவிடும். அதற்காகத்தான் ஐந்தரை மணிக்குப் பைக்கை எடுக்கிறேன். எட்டரைக்குள் கேமராவை மூடி, அலுவலகத்தில் முகம் கழுவி, ஒன்பதரைக் கூட்டத்தில் உட்கார்ந்துவிடலாம். இரவு அழைப்புகள் எங்கள் தொழிலில் தவிர்க்க முடியாதவை. ஆனால் அவை விடியலை எங்களுக்கே விட்டுவைக்கின்றன. என் வயதுள்ள பலரும் அந்த விடியலைத் தூங்கித் தீர்க்கிறார்கள். வாரத்தில் இரண்டு நாள் முன்னிரவில் பத்து மணிக்கே படுத்தால் போதும், அது கைக்கு வந்துவிடும்.

பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்துக்கு 2022-இல், உலக முக்கியத்துவம் உள்ள ஈரநிலம் என்னும் ராம்சர் தகுதி கிடைத்தது. ஒரு பக்கம் பெருங்குடிக் குப்பைமேடு, இன்னொரு பக்கம் எங்களைப் போன்றவர்கள் வேலை செய்யும் கண்ணாடிக் கட்டடங்கள், நடுவே துரைப்பாக்கம்–பல்லாவரம் சாலை. நாங்கள் உட்கார்ந்து நிரல் எழுதும் இடங்களில் எத்தனை முன்பு நீர் நின்ற இடங்கள் என்ற எண்ணம் ஒவ்வொரு மழைக்கும் எனக்கு வரும். அங்கே படம் எடுக்கப் போகிறவன் அந்த எண்ணத்தை இறக்கிவைத்துவிட்டுப் போக முடியாது.

சென்ற ஆண்டு அங்கே ஒரு நீளவால் இலைக்கோழியைப் பார்த்தேன். இனப்பெருக்கக் காலத்து நீண்ட வால், பிடரியில் பொன்னிறம். மிதக்கும் இலைகளின் மேல் அடைகாத்து அமர்ந்திருந்தது. இந்த இனத்தில் முட்டையிட்டதும் பெண் பறவை அடுத்த துணையைத் தேடிப் போய்விடும். அடைகாப்பதும் குஞ்சுகளை வளர்ப்பதும் ஆண்தான். கூட்டைப் படமெடுப்பதில்லை என்று பறவை நோக்குபவர்கள் பலர் வைத்திருக்கும் ஒழுக்கத்தை நானும் வைத்திருக்கிறேன். நாம் நெருங்கினால் பறவை எழும், எழுந்தால் முட்டை வெயிலில் கிடக்கும், காக்கை பார்த்துவிடும். கேமராவைப் பைக்குள்ளேயே வைத்துவிட்டு, தூரத்திலிருந்து பைனாகுலரில் பார்த்தேன். எங்கே இருக்கிறது என்று யாரிடமும் சொல்லவில்லை. அடுத்து வந்தது ஆன்-கால் வாரம், போகவில்லை. அதற்கடுத்த வாரம் இரண்டு முறை போனேன், தகப்பன் அதே இடத்தில் இருந்தது. ஒரு ரிலீஸ் காரணமாக எட்டு நாள் இடைவெளி. மறுபடி போனபோது, இலைகளின் மேல் நீண்ட விரல்களோடு நான்கு சிறு உருவங்கள், அவற்றுக்குச் சற்றுத் தள்ளி தகப்பன். ஒரு மணி நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். அன்று ஒரு படமும் எடுக்கவில்லை. ஒன்பதரைக் கூட்டத்துக்குக் காலணியில் சேற்றோடு போய்ச் சேர்ந்தேன்.

இப்போது இதை எழுதுவது சனிக்கிழமை இரவு. எனது ஆன்-கால் முறை இன்று மாலை ஆறு மணிக்கு முடிந்து அடுத்தவரிடம் போய்விட்டது. ஊறுகாய் பாட்டிலுக்குப் பின்னால் இரண்டு சுருள்கள் இருக்கின்றன. ஒன்றில், அம்மா மொட்டைமாடியில் வெண்டை பறிக்கும் காலை வெளிச்சம் இருக்க வேண்டும். மற்றதில் என்ன எடுத்தேன் என்பது நினைவில்லை. உறையில் வைகாசி என்று மட்டும் எழுதியிருக்கிறேன். ஐஸ் தட்டுகளை நிரப்பிவிட்டேன். இருட்டுப் பையின் ஜிப்பைச் சரிபார்த்துக் கட்டிலின் காலடியில் மடித்து வைத்திருக்கிறேன்.